டொடி வியர் எந்த அணிக்காரர்? மெல்ரோஸ், சவுத், நியூகாசில், பார்டர்ஸ்

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்து ரக்பி வீரர் டொடி வியரைப் பற்றித் தேடினால் ஸ்டூவர்ட்ஸ் மெல்வில், மெல்ரோஸ், சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து, நியூகாசில், பார்டர்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. இவற்றில் எது கிளப், எது மாகாண அணி? ஒரே பருவத்தில் ஒருவர் இரண்டு மூன்று அணிகளுக்கு எப்படி ஆடினார்?

நல்ல கேள்வி. வியரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடிய 61 சர்வதேச ஆட்டங்கள். இன்னொன்று, கடைசி ஆறு ஆண்டுகள் மோட்டார் நியூரான் நோயோடு அவர் நடத்திய போராட்டம். இரண்டுமே பெரிய விஷயங்கள்தான். ஆனால் சனிக்கிழமைதோறும் அவர் யாருக்காக ஆடினார் என்பதைப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. ரக்பியில் பணம் நுழைந்தபோது ஒரு சின்ன வட்டாரத்துக்கு என்ன நடந்தது என்கிற கதை அது. அதை அவருடைய அணிகளின் பட்டியலைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டூவர்ட்ஸ் மெல்வில் எடின்பரோவில் அவர் படித்த பள்ளியின் பழைய மாணவர் கிளப். மெல்ரோஸ் அவருடைய முதன்மைக் கிளப். சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து மாவட்டத் தேர்வு அணி. நீங்கள் மாகாண அணி என்று கேட்பது இதைத்தான். நியூகாசில் இங்கிலாந்தின் தொழில்முறைக் கிளப். பார்டர்ஸ், சவுத் அணியின் இடத்தில் 2002-இல் மறுபடி எழுப்பப்பட்ட தொழில்முறை அணி. மெல்ரோஸுக்கும் சவுத்துக்கும் ஒரே பருவத்தில் ஆடுவது அந்தக் காலத்தில் இயல்பு. ஒன்று வாராவாரம் நடக்கும் லீக். மற்றது ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் மட்டுமே உள்ள போட்டி.

இனி விரிவாக.

எடின்பரோவுக்குத் தெற்கே, இங்கிலாந்து எல்லை வரை பரவிக்கிடக்கும் மேட்டு நிலம்தான் பார்டர்ஸ். ட்வீட் ஆறும் அதன் கிளையாறுகளும் ஓடும் ஆட்டுப் பண்ணை நாடு. கம்பளி நெசவாலைகளால் வளர்ந்த சிற்றூர்கள். முழு வட்டாரத்தின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஹாயிக், கலாஷீல்ஸ், செல்கர்க், கெல்சோ, ஜெட்பரோ, மெல்ரோஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப், ஒரு மைதானம், பக்கத்து ஊரோடு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பகை. ஸ்காட்லாந்தின் மற்றப் பகுதிகளில் ரக்பி என்றால் தனியார் பள்ளிகளில் படித்த வக்கீல், டாக்டர், வங்கி அதிகாரிகளின் ஆட்டம். பார்டர்ஸில் மட்டும் அது ஊர் ஆட்டம். ஆலைத் தொழிலாளியும் பண்ணைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒரே ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணி ஆட்களும் பின்னிக்கொண்டு எதிரெதிரே தள்ளும் மோதலில், தோள் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரமிலிருந்து வரும் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ராய் லெய்ட்லா எலக்ட்ரீஷியன். அவருக்குப் பின் அதே இடத்தில் ஆடிய கேரி ஆர்ம்ஸ்ட்ராங் லாரி ஓட்டியவர். இருவருமே ஜெட்பரோவின் ஜெட்-ஃபாரஸ்ட் கிளப்.

இந்த ஊர்களுக்கு இடையிலான பார்டர் லீக் 1901-02 பருவத்தில் தொடங்கியது. பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் வகையில் உலகின் மிகப் பழைய லீக் அதுதான் என்று சொல்வார்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி பிறந்ததும் இங்கேதான். 1883-இல் மெல்ரோஸ் கிளப்பில் பணத் தட்டுப்பாடு வந்தபோது நெட் ஹெய்க் என்ற கசாப்புக்கடைக்காரர் சொன்ன யோசனை அது. ஒலிம்பிக்கில் இன்று ஆடப்படும் அந்த ஆட்டத்தின் தாய்வீடு சில ஆயிரம் பேர் வாழும் இந்த ஊர். அந்த மைதானத்துக்குப் பெயர் கிரீன்யார்ட்ஸ். ஊருக்குப் பின்னால் ஐல்டன் குன்றுகள் மூன்றும் நிற்கின்றன.

வியர் இந்த மண்ணின் மனிதர். 1970 ஜூலை 4-ஆம் தேதி பிறந்தது எடின்பரோவில் என்றாலும், குடும்பம் ஸ்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்தது. படிப்பு எடின்பரோவில், ஸ்டூவர்ட்ஸ் மெல்வில் கல்லூரி என்ற பள்ளியில். அதனால்தான் பட்டியலில் முதல் பெயராக அந்தப் பள்ளியின் பழைய மாணவர் கிளப் வருகிறது. எடின்பரோ கிளப்புகள் பல இந்த வகைதான்: ஹெரியட்ஸ், வாட்சோனியன்ஸ் என்று பள்ளியின் பெயரையே தாங்கியவை. இந்தப் பகுதியில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. வியரின் ஆட்டம் உருவானது மெல்ரோஸில்.

அவர் மெல்ரோஸுக்கு வந்த காலம் முக்கியம். ஸ்காட்லாந்தில் அதிகாரபூர்வ லீக் 1973-74-இல்தான் தொடங்கியது. முதல் ஐந்து பட்டங்களையும் ஹாயிக் வென்றது. 1987-க்குள் பத்துப் பட்டங்கள் ஹாயிக்குக்கு; இடையில் கலாஷீல்ஸின் கிளப்பான கலா மூன்று முறை, எடின்பரோவின் ஹெரியட்ஸ் ஒரு முறை. அடுத்த இரண்டு ஆண்டு கெல்சோ. மெல்ரோஸ் அதுவரை ஒரு முறைகூட வென்றதில்லை. 1989-90-இல் முதல் பட்டம் வந்தது. அங்கிருந்து எட்டுப் பருவங்களில் ஆறு பட்டங்கள்! மக்கள்தொகையில் ஹாயிக்கின் கால்பங்குகூட இல்லாத ஊர் அது.

இதற்குப் பின்னால் நின்றவர் ஜிம் டெல்ஃபர். மெல்ரோஸில் ஆடி, ஸ்காட்லாந்துக்கும், பிரிட்டன்-அயர்லாந்துக் கூட்டணியான லயன்ஸுக்கும் ஆடி, தொழிலால் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 1984-இல் ஐந்து நாடுகள் போட்டியில் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ்) எல்லா ஆட்டங்களையும் வென்று ஸ்காட்லாந்து கிராண்ட் ஸ்லாம் அடித்தபோது அவர்தான் பயிற்சியாளர். 1990 கிராண்ட் ஸ்லாமில் பயிற்சியாளர் இயன் மெக்கீகனுக்குத் துணையாக ஃபார்வர்டுகளை, அதாவது ஸ்க்ரமில் நிற்கும் எட்டுப் பேரை, பார்த்துக்கொண்டவரும் அவரே. அவருடைய பாடம் ரக் பற்றியது. பந்து தரையில் கிடக்கிறது. இரண்டு பக்கத்து ஆட்களும் அதன் மேல் மோதுகிறார்கள். முதலில் வருவது ஒருவனாக இருக்கக் கூடாது, நான்கைந்து பேர் ஒன்றாக, இடுப்புயரத்துக்கும் கீழே குனிந்து வந்து, எதிரியைப் பந்துக்கு அப்பால் தள்ளிவிட வேண்டும். அப்போது பந்து வேகமாக வெளியே வரும். எதிரணித் தடுப்பு வரிசை கட்டுவதற்குள் தாக்கிவிடலாம். நியூசிலாந்துக்காரர்களிடம் அவர் கற்ற முறை இது. உடல் பருமனில் மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாத ஸ்காட்லாந்துக்கு வேகமும் ஒழுங்குமே வழி என்று அவர் நம்பினார். அதை மழையிலும் சேற்றிலும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

இந்தப் பட்டறைக்கு ஏற்ற இரும்பு வியர். உயரம் 1.98 மீட்டர். ஆட்டத்தில் லாக், அதாவது ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை. சில சமயம் ஸ்க்ரமின் கடைசி ஆளான நம்பர் 8. அன்றைய லாக்குகளோடு ஒப்பிட்டால் ஒல்லி. ஆனால் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு திறந்த வெளியில் ஓடுவார். முழங்கால்கள் உயர உயர எழும்பும் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான், ஹாயிக்கைச் சேர்ந்த வர்ணனையாளர் பில் மெக்லாரன் 'வெறிபிடித்த ஒட்டகச்சிவிங்கி' என்றார். வியரின் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்ட வார்த்தை அது.

அவருடைய உண்மையான மதிப்பு லைன்-அவுட்டில் இருந்தது. பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால், இரண்டு வரிசை ஆட்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் பந்து எறியப்படும். இன்று குதிப்பவரைச் சக வீரர்கள் இடுப்பையும் தொடையையும் பிடித்து மேலே தூக்குகிறார்கள். வியர் ஆடத் தொடங்கிய காலத்தில் தூக்குவது குற்றம். 1990-களின் நடுவில்தான் விதி தளர்ந்தது. அதுவரை குதிப்பவன் தன் சொந்தக் காலை நம்பித்தான் குதிக்க வேண்டும், அதுவும் எதிராளியின் முழங்கை விலாவில் இடிக்கும்போது. நேரம் பார்த்துக் குதிப்பது தனிக்கலை. வியர் அந்தக் கலையின் கடைசித் தலைமுறை. தூக்கும் காலம் வந்த பிறகும் அவரது இடம் போகவில்லை என்பதை அவரது திறமைக்கு நான் காட்டும் முதல் சான்றாகச் சொல்வேன்.

அன்றைய மெல்ரோஸ் அணியில் ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப் கிரெய்க் சால்மர்ஸ், ஸ்க்ரம்-ஹாஃப் பிரையன் ரெட்பாத், சென்டர் கிரஹாம் ஷீல் எல்லோரும் ஸ்காட்லாந்து அணிக்கும் ஆடியவர்கள். ஒரு சிற்றூரின் கிளப்பில் இத்தனை பேர்! இவர்களில் எவருக்கும் சம்பளம் கிடையாது. ரக்பி யூனியன் அன்று கறாரான அமெச்சூர் விளையாட்டு. வியர் விவசாயக் கல்லூரியில் படித்துக்கொண்டே, மாலைப் பயிற்சிக்கும் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் வந்தவர்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: சவுத்.

ஸ்காட்லாந்தில் கிளப்புக்கும் நாட்டு அணிக்கும் நடுவே ஒரு படி இருந்தது. எடின்பரோ, கிளாஸ்கோ, வடக்கு-நடுநாடு, தெற்கு என்று நான்கு மாவட்டங்கள். இவற்றுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் 1953-54-இல் தொடங்கியது. பின்னாளில் இங்கிலாந்தில் ஆடும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்று ஐந்தாவதாக ஓர் அணியும் சேர்ந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேர்வாளர்கள் உண்டு. கிளப் ஆட்டங்களைப் பார்த்து அணியைப் பொறுக்குவார்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்தில், ஐந்து நாடுகள் போட்டிக்கு முன்னால். அதாவது மாவட்ட அணியில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் நாட்டு அணித் தேர்வாளர்கள் பெயர் குறித்துக்கொள்வார்கள். வெளிநாட்டு அணிகள் சுற்றுப்பயணம் வரும்போதும் மாவட்ட அணிகளோடு மோதுவது வழக்கம்.

சவுத் என்றால் பார்டர்ஸ் ஊர்களின் கூட்டணி. போன சனிக்கிழமை வரை ஒருவர் விரலை ஒருவர் மிதித்த ஆட்கள் இந்தச் சனிக்கிழமை ஒரே சட்டையில். கெல்சோவின் ஜான் ஜெஃப்ரி, ஹாயிக்கின் டெரிக் டர்ன்புல், டோனி ஸ்டேஞ்சர், ஜெட்பரோவின் ஆர்ம்ஸ்ட்ராங், கலாவின் இளைஞர் கிரிகர் டவுன்சென்ட், மெல்ரோஸின் சால்மர்ஸ், வியர்: இவர்கள் எல்லாம் அந்த மண்ணின் ஒரே தலைமுறை. இந்த அணியின் பலத்துக்கு ஒரு சான்று: 1984-இல் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்த ஆஸ்திரேலியா நான்கு நாட்டு அணிகளையும் வென்று கிராண்ட் ஸ்லாம் அடித்தது. அந்த ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த சில அணிகளில் சவுத் ஒன்று.

இதற்கு நேர்மாறான நாளும் வந்தது. 1993 நவம்பரில் கலாஷீல்ஸில் நியூசிலாந்து சவுத்தை 84-5 என்று நொறுக்கியது. அந்தப் பயணத்தில் ஸ்காட்லாந்து அணியும் 51-15 என்று தோற்றது. பார்டர்ஸ் ரக்பியை நேசிக்கும் யாரும் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விட முடியாது. பெயருக்கு அமெச்சூர்களாக இருந்த நியூசிலாந்து வீரர்கள் பயிற்சியில் ஏற்கெனவே தொழில்முறைக்கு வந்துவிட்டிருந்தார்கள். வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்களால் அவர்களை எதிர்கொள்ள முடியவில்லை. ஊர்க் கிளப்பும் ஆண்டுக்குச் சில மாவட்ட ஆட்டங்களும் இனிப் போதாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

வியரின் சர்வதேச வாழ்க்கையை இங்கே வேகமாகக் கடக்கிறேன், கேள்வி அதைப் பற்றியதல்ல என்பதால். 1990 நவம்பரில், இருபது வயதில், அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் ஆட்டம். 1991 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அணியில் இடம். 1995 உலகக் கோப்பைக் காலிறுதியில், பிரிட்டோரியாவில், ஜோனா லோமு ஆடிய நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). ஸ்காட்லாந்து 48-30 என்று தோற்றாலும், ஒரு லாக் அந்த அணிக்கு எதிராக இரண்டு முறை கோட்டைத் தாண்டினார் என்பது இன்றும் பேசப்படுகிறது.

அந்த உலகக் கோப்பை முடிந்த இரண்டே மாதத்தில், 1995 ஆகஸ்டில், பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் ஆட்டத்தைத் திறந்துவிட்டது. இனி வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். நூறாண்டுத் தடை ஒரு கூட்டத்தில் முடிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இதற்காகவே காத்திருந்தார். நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் உரிமையாளர் சர் ஜான் ஹால். பார்சிலோனாவைப் போலக் கால்பந்து, ரக்பி, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி எல்லாம் ஒரே பெயரில் நடக்கும் ஒரு விளையாட்டு நிறுவனத்தை நியூகாசிலில் கட்ட நினைத்தார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த நியூகாசில் கோஸ்ஃபர்த் ரக்பிக் கிளப்பை வாங்கினார். இங்கிலாந்தின் ஃப்ளை-ஹாஃப் ராப் ஆண்ட்ரூவை நிர்வாகியாக அமர்த்தினார். ஆண்ட்ரூ கையில் பணத்தோடு ஆள் சேர்க்கக் கிளம்பினார். வியர் வந்தார். ஆர்ம்ஸ்ட்ராங் வந்தார். பதின்மூன்று பேர் ஆடும் தனி வகையான ரக்பி லீக்குக்குப் போயிருந்த கெல்சோவின் பழைய வீரர் ஆலன் டெய்ட் திரும்பி வந்தார். சமோவாவின் பாட் லாம், விகன் ரக்பி லீக் அணியிலிருந்து வைங்கா துயிகமாலா, அயர்லாந்தின் நிக் பாப்பிள்வெல், பிறகு ஜானி வில்கின்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன்.

வியர் ஊரை விட்டுவிட்டார் என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மெல்ரோஸிலிருந்து நியூகாசில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஸ்காட்லாந்திலோ, சம்பளம் கொடுக்கப்போவது கிளப்பா, மாவட்டமா, ஆட்டத்தை நிர்வகிக்கும் ஸ்காட்லாந்து ரக்பி யூனியனா என்பதே அன்று முடிவாகவில்லை. உடலை மூலதனமாக வைத்து ஆடும் ஒருவன், குடும்பத்துக்கு வருமானம் தரும் முதல் ஒப்பந்தத்தை, அதுவும் காரில் போய்வரும் தூரத்தில் கிடைக்கும்போது, ஏன் மறுக்க வேண்டும்? இங்கிலாந்துக்குத் தொழில்முறையாக ஆடப் போன முதல் ஸ்காட்லாந்து வீரர்களில் அவர் ஒருவர். அந்த வழியில் பிறகு எத்தனையோ பேர் போனார்கள்.

நியூகாசில் 1996-97-இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலேறியது. அடுத்த பருவத்திலேயே, மேல் டிவிஷனின் முதல் ஆண்டில், பட்டம் வென்றது. 22 ஆட்டங்களில் 19 வெற்றி. சாரசென்ஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. வியரின் கிளப் வாழ்க்கையில் தொழில்முறைக் காலத்துச் சிகரம் இதுதான். ஒரு வருத்தமும் சேர்ந்தது: இங்கிலாந்துக் கிளப்புகள் அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையைப் புறக்கணித்தன. சாம்பியன்களாக இருந்தும் ஐரோப்பாவில் தங்களைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த அணிக்குக் கிடைக்கவில்லை. 1999-இல் ஹால் கிளப்பை விற்றுவிட்டு விலகினார்.

நடுவே 1997-இல் லயன்ஸ் அணியோடு வியர் தென்னாப்பிரிக்கா போனார். நாலு நாட்டின் சிறந்த வீரர்கள் நாலு ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து போகும் பயணம் அது. ஃபார்வர்டுகளின் பயிற்சியாளர் அதே டெல்ஃபர். ம்புமலாங்கா மாகாண அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாரியஸ் பாஸ்மன் என்ற எதிரணி வீரர் வியரின் முழங்காலை வேண்டுமென்றே மிதித்தார். தசைநார் கிழிந்து, டெஸ்ட் தொடர் தொடங்கும் முன்பே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. லயன்ஸ் தொடரை வென்றது. வியருக்கு லயன்ஸ் டெஸ்ட் ஆட்டம் என்று ஒன்று அமையவே இல்லை. அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் கோபம் வருகிறது.

அவர் இல்லாத காலத்தில் சொந்த மண்ணில் என்ன நடந்தது? இதைச் சொல்லாமல் அவரது கடைசி அணியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்காட்லாந்து ரக்பி யூனியன் கிளப்புகளைக் கைவிட்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஹைனெகென் கோப்பை போன்ற ஐரோப்பியப் போட்டிகளுக்கு மெல்ரோஸோ ஹாயிக்கோ போகாது. 1996 முதல் பார்டர்ஸ், எடின்பரோ, கிளாஸ்கோ, கலடோனியா என்ற நான்கு மாவட்ட அணிகள் போகும். வீரர்களுக்கு யூனியனே சம்பளம் கொடுக்கும். இந்த முடிவின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அப்போது யூனியனின் ரக்பி இயக்குநராக இருந்த டெல்ஃபர். மெல்ரோஸை உச்சத்துக்கு உயர்த்திய அதே மனிதர், ஊர்க் கிளப்புகளால் தொழில்முறையைத் தாங்க முடியாது என்று கணித்தார். அந்தக் கணிப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். சில ஆயிரம் பேர் வாழும் ஊரின் டிக்கெட் வருமானத்தில் முப்பது பேருக்குச் சம்பளம் போட முடியாது.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1998-இல் பணம் போதவில்லை என்று நான்கு அணிகளை இரண்டாகச் சுருக்கினார்கள். பார்டர்ஸ் எடின்பரோவோடு கலக்கப்பட்டு 'எடின்பரோ ரீவர்ஸ்' ஆனது. ரீவர்ஸ் என்றால் பழைய எல்லைக் கொள்ளைக்காரர்கள். அந்தப் பெயர் மட்டும்தான் பார்டர்ஸுக்கு மிஞ்சியது. ஸ்காட்லாந்து அணிக்கு நூறாண்டாக ஆள் அனுப்பிய வட்டாரத்தில் ஒரு தொழில்முறை ஆட்டமும் இல்லாத நிலை.

2002-இல் தவறைத் திருத்த முயன்றார்கள். பார்டர்ஸ் மூன்றாவது அணியாகத் திரும்பியது. மைதானம் கலாஷீல்ஸின் நெதர்டேல். வேல்ஸ், அயர்லாந்து அணிகளோடு கெல்டிக் லீக்கில் ஆடத் தொடங்கியது. அந்த அணிக்காகத்தான் வியரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் நியூகாசிலை விட்டுத் திரும்பி வந்தார்கள். இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. வியரின் சர்வதேச ஆட்டம் 2000-த்திலேயே முடிந்திருந்தது. இனி புதிதாகச் சம்பாதிக்கப் பெயர் எதுவும் பாக்கி இல்லை. ஆனாலும் வந்தார்கள். புது அணிக்குக் கூட்டம் சேர்க்கவும், உள்ளூர்ப் பையன்களுக்குப் பக்கத்தில் நின்று தொழிலைக் காட்டவும் இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வியர் தன் ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டார்.

அணி பட்டியலின் அடியில்தான் கிடந்தது. கூட்டமும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இதற்கு ஒரு காரணம் அந்த ஊர்களின் இயல்பிலேயே இருந்தது. ஹாயிக்காரர் தன் சனிக்கிழமையை மான்ஸ்ஃபீல்ட் பார்க்கில் தன் கிளப்புக்குக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை இரவு பகையாளி ஊரான கலாவின் மைதானத்துக்குப் போய்க் கைதட்டுவது அவருக்கு எளிதல்ல. சவுத் அணி ஆண்டுக்குச் சில ஆட்டம் மட்டும் ஆடியபோது அந்தப் பகையை ஒத்திவைக்க முடிந்தது. வாராவாரம் என்று வந்தபோது முடியவில்லை. பகைதான் அந்த ரக்பியை வளர்த்தது. அதே பகை பொது அணி ஒன்று வேரூன்றவும் தடையாக நின்றது.

ஆனாலும் அந்த அணி வீண் போகவில்லை. கெல்சோவின் ராஸ் ஃபோர்டு அங்கே தொடங்கி ஸ்காட்லாந்துக்கு 110 ஆட்டம் ஆடினார். மெல்ரோஸின் கெல்லி பிரவுன் பிறகு ஸ்காட்லாந்துக் கேப்டன் ஆனார். பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா என்று சுற்றிய டவுன்சென்ட் கடைசியில் வந்து சேர்ந்ததும் அங்கேதான். 2005-இல் 'பார்டர் ரீவர்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். 2007-இல், கடனில் இருந்த யூனியன் செலவைக் காரணம் காட்டி அணியை இழுத்து மூடியது. ஐந்தே ஆண்டு! இளைஞர்கள் ஓர் அணியைத் தங்களுடையது என்று நினைக்க ஒரு தலைமுறையாவது வேண்டாமா? அயர்லாந்தின் கானாக்ட் மாகாண அணியையும் இதே காலத்தில், 2003-இல், மூடப் பார்த்தார்கள். அங்கே ரசிகர்கள் வீதியில் இறங்கித் தடுத்தார்கள். அந்த அணி 2016-இல் லீக் பட்டம் வென்றது. பார்டர்ஸுக்கு அந்தப் பொறுமை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வியைக் கேட்டவர் நோய்க்காலத்தையும் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் அதிலும் இந்த மண் இருக்கிறது. 2016 இறுதியில் வியருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. 2017-இல் வெளியில் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். குணப்படுத்த மருந்து இல்லை. அவர் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பெயரிலேயே அவர் அணிந்த 5-ஆம் எண் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் நியூசிலாந்து ஆட்டத்துக்கு முன், மூன்று மகன்களோடு எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்துக்குள் பந்தை எடுத்து வந்தார். 2018 முதல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மோதும் ஆட்டத்துக்கு அவர் பெயரில் கோப்பை வழங்கப்படுகிறது. 2022 நவம்பர் 26-ஆம் தேதி, 52 வயதில் காலமானார். இறுதி நினைவுக் கூட்டம் நடந்தது மெல்ரோஸ் தேவாலயத்தில்.

கடைசியாக, இப்போது ஒரு பையன் மெல்ரோஸிலோ ஹாயிக்கிலோ நன்றாக ஆடினால் எங்கே போவான் என்று நீங்கள் கேட்கலாம். எடின்பரோவுக்கு, அல்லது கிளாஸ்கோவுக்கு. ஹாயிக்கின் ஸ்டூவர்ட் ஹாக் கிளாஸ்கோவுக்குப் போய்த்தான் வளர்ந்தார், லயன்ஸுக்கும் ஆடினார், பிறகு ஸ்காட்லாந்துக் கேப்டன் ஆனார். அதே ஊரின் டார்ஸி கிரஹாம் எடின்பரோவுக்கு ஆடுகிறார். நடுப்படி ஒன்றை மீண்டும் கட்ட 2019-இல் ஆறு அரைத் தொழில்முறை அணிகள் கொண்ட லீக்கை யூனியன் தொடங்கியது. அதில் கிரீன்யார்ட்ஸை மைதானமாகக் கொண்டு சதர்ன் நைட்ஸ் என்ற அணி ஆடியது. 2024-இல் அந்த லீக்கையும் நிறுத்திவிட்டார்கள். பார்டர் லீக் மட்டும் தொடர்ந்து நடக்கிறது.